எரியும் வரைதான் நியான்

ஹாங்காங்கின் சாய் யிங் புன் வட்டாரத்தில், சாமீஸ் கிச்சன் என்ற உணவகத்துக்கு மேலே, சாலையின் மீது நீட்டிக்கொண்டு ஒரு நியான் மாடு நின்றது. 1970களின் பிற்பகுதியில் கடை உரிமையாளரே வடிவமைத்து ஏற்றிய பலகை அது. ஸ்டேக்குக்குப் பெயர்போன கடையின் விளம்பரமாக ஏறிய மாடு நாளடைவில் அந்தத் தெருவின் அடையாளமாகிவிட்டது. மினி பேருந்தில் வருபவர்கள் மாட்டைச் சொல்லி இறங்கினார்கள். அனுமதியின்றி எழுப்பிய அமைப்பு என்று கட்டடத் துறை அகற்ற உத்தரவிட்டதால் 2015இல் அதைக் கழற்றினார்கள். எம்+ அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டது. மாடு காப்பாற்றப்பட்டது என்றும் சொல்லலாம், இழக்கப்பட்டது என்றும் சொல்லலாம். குழாயும் இரும்புச் சட்டமும் பத்திரமாக இருக்கின்றன, தெருவில் மாடு இல்லை. பழைய நியான் பலகைகளைப் பொதுக்கலையாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்ற பேச்சு இன்று லாஸ் வேகாஸ் முதல் வார்சா வரை பல நகரங்களில் இருக்கிறது. எதைப் பாதுகாப்பது என்று கேட்டால்தான் பதில்கள் பிரிகின்றன. கண்ணாடியையா, வரைவையா, வெளிச்சத்தையா, அது நின்ற இடத்தையா, அதைச் செய்யத் தெரிந்த கையையா? நியான் பலகை இடைவிடாத பராமரிப்பால் மட்டுமே உயிரோடு இருக்கும் பொருள் என்பது இக்கட்டுரையின் வாதம். பராமரிப்பும், அதைச் செய்யும் தொழிலும், தெருவில் நிற்கச் சட்டம் விடும் இடமும் இருந்தால் பலகைகள் பிழைத்துக்கொள்ளும். இம்மூன்றும் போனபின் பலகையை மட்டும் எடுத்து வைப்பது அவசியமான வேலைதான், ஆனால் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

நியான் விளக்கு ஓர் உபரிப் பொருளிலிருந்து பிறந்தது. 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றைப் படிப்படியாக ஆவியாக்கிப் பிரித்தபோது இந்த வாயு அகப்பட்டது. காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 18 பங்குதான் நியான். ஏர் லிக்விட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிளாட் பிரான்சில் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் விற்றார். அந்தத் தொழிலில் நியான் சேர்ந்துகொண்டே போனது, வாங்க ஆளில்லை. 1910 டிசம்பரில் பாரிசின் கிராண்ட் பாலே மண்டபத்தில் நடந்த மோட்டார் வாகனக் கண்காட்சியில் சுமார் 12 மீட்டர் நீளமுள்ள இரண்டு நியான் குழாய்களை அவர் எரியவிட்டார். கிளாட்டின் நோக்கம் மண்டபங்களுக்கு வெளிச்சம் தருவது. அந்தச் செம்மஞ்சள் ஒளியில் முகங்கள் நன்றாகத் தெரியவில்லை, வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அது உதவாது. அவருடைய கூட்டாளி ஜாக் ஃபோன்செக்தான் இதை விளம்பரத்துக்குத் திருப்பினார். 1912இல் மோன்மார்த்ர் பெருந்தெருவில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு முதல் நியான் பலகை ஏறியது. குழாயின் முனையிலிருக்கும் மின்முனை சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்கும் வழிக்கு 1915இல் கிளாட் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இந்த மனிதர் பின்னாளில் நாஜி ஆக்கிரமிப்புக்கு ஒத்துழைத்த குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியானின் பெருமையை அதன் கண்டுபிடிப்பாளர் மேல் ஏற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தப் பெருமை பெரும்பாலும் பெயர் பதிவாகாத பட்டறைக்காரர்களுக்கு உரியது.

அவர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், பின்னால் வரும் வாதம் அதன் மேல்தான் நிற்கிறது. முதலில் எழுத்தையோ உருவத்தையோ முழு அளவில், இடவலம் மாற்றி, தீப்பிடிக்காத தாளில் வரைகிறார்கள். முன்பக்கம் சமதளமாக அமைய வேண்டும் என்பதால் குழாயைக் கவிழ்த்துப் போட்டு வளைப்பது வழக்கம். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை அடைத்துவிட்டு மறுமுனையில் மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, அதன் நுனியை வாயில் கவ்விக்கொள்கிறார் தொழிலாளி. வளைக்க வேண்டிய இடத்தை பர்னரின் சுடரில் உருட்டி உருட்டிக் காட்டினால் கண்ணாடி இளகித் தொங்கும். சுடரிலிருந்து எடுத்துத் தாளின் மேல் வைத்து வளைக்க அவருக்குச் சில நொடிகளே உண்டு. வளைவில் குழாய் ஒட்டிக்கொள்ளாதபடி அந்த நொடியிலேயே வாயால் ஊத வேண்டும். அதிகம் ஊதினால் புடைக்கும், குறைத்து ஊதினால் சப்பையாகும். கருவியால் அளக்க முடியாத இந்த மூச்சுதான் தொழில். வளைத்து முடித்தபின் மின்முனைகளைப் பற்றவைத்து, உயர் மின்னழுத்தம் செலுத்திக் குழாயை உள்ளிருந்து சூடாக்கி, அழுக்கு வாயுக்களைப் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் நியானை நிரப்பி மூடுகிறார்கள். நீலம் வேண்டுமென்றால் ஆர்கானும் ஒரு துளி பாதரசமும். குழாயின் உட்சுவரில் பூசும் ஒளிர்பொருளும் வண்ணக் கண்ணாடியும் மற்ற நிறங்களைத் தருகின்றன. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாத பகுதிக்குக் கறுப்புப் பூச்சு. நூறாண்டுகளில் இந்த வேலை பெரிதாக மாறவில்லை. இதை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடிந்ததே இல்லை.

இப்படிச் செய்த பலகை ஏறிய நாளோடு வேலை முடிந்துவிடாது. டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகும், மழைநீர் இறங்கும், காற்றில் ஒரு வளைவு உடையும். உடைந்த இடத்தை வெட்டிப் புதிதாக வளைத்து ஒட்டி, மறுபடி காற்றை உறிஞ்சி வாயு நிரப்ப வேண்டும். அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே நியான் விற்பனைப் பண்டம் என்பதைவிடச் சேவையாகவே இயங்கியது. கிளாட்டின் நிறுவனம் ஊருக்கு ஊர் உரிமம் கொடுத்தது. 1932இல் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானதும் சிறு பட்டறைகள் எங்கும் முளைத்தன. லாஸ் வேகாஸின் பெரும் பலகைகள் பலவற்றைச் செய்த யெஸ்கோ நிறுவனம் 1920இல் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்டது. சூதாட்ட விடுதிகளுக்கு அது பலகைகளைப் பெரும்பாலும் வாடகைக்கே கொடுத்தது. விடுதி மாதாமாதம் பணம் கட்டும், பழுதைப் பார்ப்பது யெஸ்கோவின் பொறுப்பு. விடுதி இடிபட்டாலோ பெயர் மாறினாலோ பலகை யெஸ்கோவின் கிடங்குக்குத் திரும்பிவிடும். இன்று உலகம் சுற்றிப் பார்க்க வரும் நியான் அருங்காட்சியகத்தின் சேகரிப்பு அந்தக் கிடங்கிலிருந்து வளர்ந்ததுதான். பராமரிப்பு ஒப்பந்தம் இருந்த காலத்தில் அவை நகரத்தின் முகமாக இருந்தன. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் பழைய இரும்பு.

நியானின் வீழ்ச்சியையும் இந்தக் கோணத்திலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும். ரசனை மாறியதால் நியான் போய்விட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மை. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் நியான் என்றாலே மலிவு விடுதி, மதுக்கடை என்ற எண்ணம் பரவியது. 1965இல் நெடுஞ்சாலை அழகுச் சட்டம் வந்தது. ஒரு காலத்தில் நியானுக்குப் பெயர்போன கனடாவின் வான்கூவர் நகரம் 1974இல் பலகைகளுக்குக் கடுமையான விதிகள் கொண்டுவந்தது. ஆனால் ரசனைக்கு முன்பே கணக்கு மாறத் தொடங்கியிருந்தது. உள்ளே குழல்விளக்கு வைத்த பிளாஸ்டிக் பெட்டி வந்ததும் கைத்தொழிலாளியே தேவைப்படவில்லை, எந்த எலக்ட்ரீஷியனும் விளக்கை மாற்றிவிடலாம். அடுத்து எல்இடி வந்தது. வேலை குறைந்ததும் பட்டறைகள் மூடின, பட்டறைகள் மூடியதும் பழுதுபார்க்க ஆளில்லை, ஆளில்லாததால் எரியாத பலகைகள் பெருகின. எரியாத பலகை யாருக்கும் அழகாகத் தெரிவதில்லை. ரசனை மாறிவிட்டது என்று நாம் நினைப்பதில் பாதி, எரியாத விளக்குகளைப் பார்த்து வந்த சலிப்பு.

ஹாங்காங்கில் இந்தச் சங்கிலி இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே நியானின் பொற்காலம் 1950களிலிருந்து 80கள் வரை. நாதன் சாலை, யாவ் மா தெய், மோங் காக் தெருக்களில் பலகைகள் சுவரோடு ஒட்டி நிற்கவில்லை, சாலையின் நடுப்பகுதி வரை நீண்டு ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. தரைத்தளத்தில் இடம் கிடைக்காத மாடிக் கடைக்காரருக்குத் தெருவில் நடப்பவரின் கண்ணைப் பிடிக்க வேறு வழியில்லை. மூங்கில் சாரம் கட்டி ஏறித்தான் அவற்றைப் பொருத்தினார்கள். அடகுக் கடை என்றால் நாணயத்தைக் கவ்விய வௌவாலின் உருவம், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். எழுத்துகளை முதலில் தூரிகையால் எழுதித் தந்தவர்கள் கைதேர்ந்த எழுத்துக் கலைஞர்கள். வடக்கு வெய் அரசகாலக் கல்வெட்டுகளிலிருந்து வந்த தடித்த, முனை கூர்ந்த எழுத்துமுறையைத்தான் பலரும் விரும்பினார்கள், அது தொலைவிலிருந்தும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். தூரிகைக் கோட்டின் பருமனைக் காட்ட ஒரு கோட்டுக்கு இரண்டு மூன்று குழாய்களை இணையாக ஓடவிட்டு, முனையில் அவை கூடும் இடத்தில் தூரிகை அழுந்திய அடையாளத்தைக் கண்ணாடியில் கொண்டுவந்தார்கள். கல்வெட்டு, தூரிகை, கண்ணாடி என்று மூன்று கைகளைக் கடந்து வந்த எழுத்து அது. 1990களில் வேலை சீனப் பெருநிலத்தின் மலிவுப் பட்டறைகளுக்குப் போனது, பிறகு எல்இடிக்குப் போனது. கடைசி அடியைக் கொடுத்தது சட்டம். அந்தப் பலகைகளில் பெரும்பாலானவை கட்டடத் துறையின் முன் அனுமதி பெறாதவை. 2013இல் வந்த சரிபார்ப்புத் திட்டத்தில் சிறிய பலகைகளை மட்டும் வல்லுநர் சான்றோடு வைத்துக்கொள்ளலாம். பெரியவற்றை இறக்க வேண்டும், இறக்கியபின் அதே அளவில் மறுபடி ஏற்றுவது எளிதல்ல. கடைக்காரர் தம் செலவில் கழற்றி, தம் செலவில் சிறிய எல்இடிப் பலகை வைக்கிறார். நகரத்தின் முகத்தை மாற்றுவது யாருடைய திட்டமாகவும் இருக்கவில்லை. பாதுகாப்பு விதி ஒன்று, பண்பாடு என்ற சொல்லையே உச்சரிக்காமல், ஒரு பண்பாட்டு முடிவை எடுத்துவிட்டது.

இவை விளம்பரங்கள்தானே, விளம்பரத்தைப் பொதுக்கலை என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. பொது இடத்தைத் தனியார் லாபத்துக்கு ஆக்கிரமித்த ஒன்றை மக்கள் பணத்தில் காப்பது சரியா என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. வார்சாவின் வரலாறு இதற்கு ஒரு பாதிப் பதில். ஸ்டாலின் மறைவுக்குப் பின், 1956க்குப் பிந்தைய இளக்கத்தில், போலந்து அரசு நகரங்களை நியானால் ஒளிரவைக்கத் திட்டமிட்டது. போட்டியாளரே இல்லாத அரசுக் கடைகளுக்குப் பலகையால் விற்பனை கூட வேண்டிய கட்டாயமில்லை. ரெக்லாமா என்ற அரசு நிறுவனம் செய்த அந்தப் பலகைகளைச் சுவரொட்டிக் கலையில் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் வரைந்தார்கள். கான்ஸ்டிட்யூஷன் சதுக்கத்தில் கைப்பந்து ஆடும் பெண்ணின் நியான் உருவம் ஒன்று உண்டு, யான் முஹார்ஸ்கி வரைந்தது. விளையாட்டுப் பொருள் கடைக்கான பலகை. அவள் அடித்த பந்து வட்டம் வட்டமாக எரிந்து கட்டடத்தின் முகப்பில் கீழிறங்கிக்கொண்டே வரும். இதில் விற்பனைத் தந்திரத்தைத் தேட வேண்டியதில்லை, இருட்டான நகரத்துக்குக் கொடுத்த வெளிச்சம் அது. ஆனால் ஹாங்காங்குக்கும் லாஸ் வேகாஸுக்கும் இந்தப் பதில் பொருந்தாது, அங்கே வணிகம்தான் நோக்கம். அங்கே நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதும், நாற்பது ஆண்டுகள் ஊரார் கண்ணில் பட்டபின் அது என்னவாக ஆனது என்பதும் ஒன்றல்ல. கடை மூடியபின்னும் மக்கள் பலகையைக் காக்கக் கிளம்புகிறார்கள் என்றால், அதில் விளம்பரம் செய்ய எதுவும் மிச்சமில்லை. மிச்சமிருப்பது பொதுவுடைமை.

கலை உலகம் இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். லூசியோ ஃபொன்தானா 1951இல் மிலான் கண்காட்சியின் கூரையில் நியான் சுழலைத் தொங்கவிட்டபோது அதைச் சிற்பம் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1967இல் புரூஸ் நௌமன் ஒரு பழைய மளிகைக் கடையைத் தம் பட்டறையாக வைத்திருந்தார். கடையில் மிஞ்சியிருந்த பீர் விளம்பர நியானைப் பார்த்துத்தான், சுருளாக எழுதிய நியான் வாசகத்தை ஜன்னலில் மாட்டும் யோசனை அவருக்கு வந்தது. அந்தப் படைப்பு இன்று கலை வரலாற்றுப் பாடம். அதற்குத் தூண்டுதலான பீர் பலகையை வளைத்தவர் யாரென்று எவரும் கேட்டதில்லை. கலைஞர்களின் நியான் படைப்புகளையும் பெரும்பாலும் பலகைப் பட்டறைத் தொழிலாளிகளே வளைத்துக் கொடுக்கிறார்கள். ஒரே கை, ஒரே சுடர். கையெழுத்து விழுந்த குழாய்க்குக் காப்பீடும் காவலும், கையெழுத்து இல்லாத குழாய்க்குக் குப்பை லாரி. இந்தப் பாகுபாட்டை நியாயப்படுத்தும் வாதம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி அருங்காட்சியகங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் லில்லி லாகிச்சும் ரிச்சர்ட் ஜென்கின்ஸும் 1981இல் நியான் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். லாஸ் வேகாஸ் நியான் அருங்காட்சியக அமைப்பு 1996இல் ஹசியெண்டா விடுதியின் குதிரைவீரன் பலகையைப் புதுப்பித்துச் சாலையில் நிறுத்தித் தன் வேலையைத் தொடங்கியது, 2012இல் தன் திறந்தவெளி முற்றத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்தது. அதே 2012இல் வார்சாவின் நியான் அருங்காட்சியகமும் திறந்தது. புகைப்படக் கலைஞர் இலோனா கார்வின்ஸ்கா அழிந்துவரும் பலகைகளைப் படமெடுக்கப் போய், கடைசியில் அவற்றையே சேகரிக்க வேண்டியதாயிற்று. ஹாங்காங்கில் எம்+ 2014இல் இணையக் காட்சி நடத்தி, மக்கள் அனுப்பிய படங்களால் நகரத்தின் நியான் வரைபடத்தைத் தொகுத்தது. இவர்கள் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கே பொருள் இருந்திருக்காது. ஆனால் லாஸ் வேகாஸ் முற்றத்தில் இருக்கும் பலகைகளில் பெரும்பாலானவை எரிவதில்லை. தரையிலிருந்து விளக்கடித்துத்தான் அவற்றைக் காட்டுகிறார்கள். ஒரு பகுதியில் கணினி மூலம் ஒளிப்படத்தைப் பாய்ச்சி, எரியாத பல்புகளும் குழாய்களும் எரிவதுபோலத் தோற்றம் தருகிறார்கள். அழகான முயற்சி அது, ஆனால் அருங்காட்சியகத்தின் எல்லையையும் அதுவே காட்டிவிடுகிறது. எல்லாவற்றையும் பழுதுபார்க்கப் பணமும் இல்லை, போதிய கைகளும் இல்லை. பல மாடி உயரத்தில் இருளின் பின்னணியில் பார்க்கச் செய்த எழுத்தைத் தரையில் மூன்றடி தூரத்திலிருந்து பார்க்கும்போது துருவும் கம்பியும்தான் கண்ணில் படுகின்றன. நுழைவுச்சீட்டு வாங்காமல், போகிற போக்கில், விரும்பாதவரும் பார்க்க நேர்ந்த ஒன்று, விரும்பி வருபவருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. பொதுக்கலையிலிருந்து பொது என்பது கழன்றுவிடுகிறது.

வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு நியானுக்குப் பதில் எல்இடி போட்டால் என்ன? மின்சாரம் மிச்சம், பழுது குறைவு, பலகையும் தன் இடத்திலேயே நிற்கும். ஒசாகாவின் தோதோன்போரியில் 1935 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கிளிகோ நிறுவனத்தின் ஓட்டவீரன் பலகையை இதற்கு நல்ல சாட்சியாகக் காட்டலாம். முதல் பலகையைப் போர்க்காலத்தில் உலோகத்துக்காகப் பிரித்தார்கள். அடுத்தடுத்து வந்தவற்றில் 1998இன் ஐந்தாம் வடிவம் நியான், 2014இன் ஆறாம் வடிவம் முழுக்க எல்இடி. ஓடுபவன் அதே ஓடுபவன்தான், கூட்டம் குறையவில்லை. பாஸ்டனின் கென்மோர் சதுக்கத்தில் 1965 முதல் நிற்கும் சிட்கோ எண்ணெய் நிறுவனப் பலகையும் 2005இல் எல்இடிக்கு மாறியது. பாஸ்டன் மாரத்தானில் ஓடுபவர்களுக்கு இன்னும் ஒரு மைல்தான் என்று சொல்லும் பலகை அது. இடத்தைக் காக்க வேறு வழியே இல்லையென்றால் எல்இடியை ஏற்கலாம் என்பதே என் நிலை. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொல்வதை ஏற்க முடியாது. எல்இடிப் பட்டை புள்ளிகளின் வரிசை, மேலே ஒரு மூடி போட்டு ஒரு பக்கமாகத்தான் ஒளியை விடுகிறது. நியான் குழாய் எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளிர்கிறது, பின்னாலிருக்கும் தகரத்தையும் மழைநீர் தேங்கிய சாலையையும் நனைக்கிறது. அதைவிடப் பெரிய வேறுபாடு, எல்இடிக்குக் கண்ணாடி வளைப்பவர் தேவையில்லை. உடைந்த குழாயை மாற்றினால் மட்டும் அசல் போய்விடாதா என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. கோயில் தேரின் சக்கரமும் அச்சும் எத்தனையோ முறை மாறியிருக்கும், ஆனாலும் அந்த ஊருக்கு அது அதே தேர்தான், ஏனென்றால் அதே முறையறிந்த ஆசாரிகளின் கைகள் அதைச் செதுக்கி மாற்றியிருக்கின்றன. நியானிலும் பொருளின் தொடர்ச்சியை விட முறையின் தொடர்ச்சியே அசல்தன்மையைத் தருகிறது.

பாதுகாப்பு, மின்சாரம், பாதரசம் ஆகியவற்றை முன்வைத்துச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் கனமானவை, சரிபார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சூறாவளி அடிக்கும் ஹாங்காங்கில் தலைக்கு மேல் பல டன் இரும்பு தொங்குவது விளையாட்டல்ல. ஆனால் விழும் ஆபத்து துருப்பிடித்த சட்டத்திலும் சுவரில் பதித்த போல்ட்டிலும் இருக்கிறது, கண்ணாடிக் குழாயில் இல்லை. சட்டத்தைப் புதிதாகச் செய்து பொறியாளர் சான்றோடு அதே குழாய்களை அதில் ஏற்ற முடியும். பாதரசம் ஆர்கான் நிரப்பிய குழாய்களில்தான் உண்டு, தூய நியானின் செம்மஞ்சள் குழாயில் கிடையாது. உடைந்த குழாயை முறையாகக் கையாளப் பட்டறை இருந்தால் இது தீர்க்கக்கூடிய சிக்கலே. மின்சாரம் எல்இடிக்குக் குறைவாகத்தான் ஆகும், மறுக்கவில்லை. ஆயினும் நியானில் எரிந்துபோகும் இழை கிடையாது என்பதால் ஒழுங்காகச் செய்த குழாய் பல பத்தாண்டுகள் உழைக்கும். லாஸ் ஏஞ்சலிஸின் கிளிஃப்டன்ஸ் உணவகத்தைப் புதுப்பித்தபோது, சுவர் வைத்து மறைக்கப்பட்ட ஒரு மூலையில் 1930களின் நியான் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததைக் கண்டார்கள் என்று 2012இல் செய்தி வந்தது. சில ஆண்டுக்கு ஒருமுறை தூக்கியெறிந்து மாற்றும் பலகையோடு இதை ஒப்பிடும்போது மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலும், சிறு நியான் பலகைகள் போன இடத்துக்கு வந்திருப்பவற்றில் சுவர் முழுக்க அடைத்த காணொளித் திரைகளும் உண்டு.

ஜன்னலுக்கு வெளியே இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தால் தூங்குவது எப்படி என்ற குடியிருப்பாளரின் கேள்வி இவற்றைவிட முக்கியமானது. புகைப்படம் எடுத்துவிட்டுப் போகும் பயணிக்கு அழகாகத் தெரிவது, மூன்றாம் மாடியில் குடியிருப்பவருக்குத் தொல்லை. கடந்தகால ஏக்கத்தால் உந்தப்பட்டுப் பேசுபவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள். இதற்கான தீர்வு பலகையை இறக்குவதில் இல்லை, நேரம் வைப்பதில் இருக்கிறது. ஹாங்காங்கில் 2016 முதல் இருக்கும் வெளிவிளக்கு சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் அலங்கார விளக்குகளை இரவில் குறித்த நேரத்தில் அணைத்துவிட ஒப்புக்கொள்கிறார்கள். பாதுகாக்கும் பலகைக்கு இதைக் கட்டாய நிபந்தனையாக வைக்கலாம். எல்லாப் பலகையையும் காக்க வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. கையால் எழுதிய எழுத்து உள்ளதா, தன் அசல் இடத்தில் நிற்கிறதா, அக்கம்பக்கத்தார் அதை வைத்து வழி சொல்கிறார்களா என்று பார்த்தாலே தேர்வு பெருமளவு சுருங்கிவிடும்.

யார் பணம் கொடுப்பது, யாருக்கு அதிகாரம் என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் முட்டி நிற்கின்றன. சிட்கோ பலகை 1979இல் எரிசக்திச் சிக்கனத்துக்காக அணைந்தது. சில ஆண்டுகள் கழித்து அதைக் கழற்ற முற்பட்டபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள், 1983இல் மறுபடி எரிந்தது. கட்டடம் கைமாறும் நேரத்தில் அதை நகரச் சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. 2018இல் நகரச் சின்னங்கள் ஆணையம் அறிவிக்க வாக்களித்தது, மேயர் அதைத் தள்ளுபடி செய்தார். பலகை அங்கேயே நிற்கும் என்று நிறுவனமும் கட்டட உரிமையாளரும் உடன்பாட்டுக்கு வந்துவிட்டதால் சட்டப் பாதுகாப்பு தேவையில்லை என்பது அவர் தரப்பு. தனியார் ஒப்பந்தத்தின் தயவில் நிற்கும் பொதுச் சொத்து அது. மெல்போர்ன் வேறு பாதையில் போனது. கயிறு தாண்டும் சிறுமியின் நியான் உருவம் 1936இல் ஒரு வினிகர் தொழிற்சாலையின் மேல் ஏறியது. குழாய்கள் மாறி மாறி எரிவதில் கயிறு சுழலும், கால்கள் குதிக்கும். 1968இல் அது போனபோது எழுந்த எதிர்ப்பால் 1970இல் அருகிலேயே இன்னொரு வடிவம் எழுந்தது. அதை விக்டோரியா மாநில மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். 2009இல் மரபு அறக்கட்டளை முன்னின்று புதுப்பித்தது, பின்னர் சூரியமின் தகடுகளும் பொருத்தினார்கள். வினிகர் இப்போது யாருக்கும் பொருட்டில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்பில் அணைந்து, பிறகு யாரும் ஏற்றாமலே விட்ட கூரைமேல் பலகைகளை, 1980களின் பிற்பகுதியில் மக்ஆர்தர் பூங்கா வட்டாரத்தில் தொடங்கி, கலைச் செலவாகக் கணக்கு வைத்தே மீண்டும் எரியவிட்டார்கள். பலகைகளை விலைக்கு வாங்கவில்லை, இடம் மாற்றவில்லை. பழுது பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் அறிந்தவற்றில் நியானின் இயல்பைச் சரியாகப் புரிந்துகொண்ட பொதுத் திட்டம் இதுவே.

வார்சாவின் கைப்பந்து வீராங்கனையும் இப்படித்தான் திரும்பி வந்தாள். ஓவியர் பவுலினா ஒவோவ்ஸ்கா முன்முயற்சி எடுத்து 2006இல் அவளை அதே முகப்பில் மறுபடி எரியவிட்டார். ஒவ்வொரு மீட்பும் ஏதோ ஒரு பட்டறைக்கு வேலை கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹாங்காங்கில் முழு நேரத் தொழிலாக நியான் வளைக்கும் மூத்த கைகள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. அவர்களின் கதை 2022இல் அனஸ்டாசியா சாங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது, அதில் நியான் தொழிலாளியின் மனைவியாக நடித்த சில்வியா சாங் கோல்டன் ஹார்ஸ் விருது பெற்றார். படத்துக்குப் பின் இளைஞர்கள் பயிற்சி வகுப்புகளைத் தேடிப் போகிறார்கள், வீட்டில் மாட்டும் சிறு உருவங்களுக்கு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் மேசைமேல் வைக்கும் பூனை உருவம் செய்து பழகிய கைக்கு ஆளுயர எழுத்தைப் பல துண்டுகளாக வளைத்து, சாரத்தில் தொங்கிக்கொண்டு காற்றடிக்கும் உயரத்தில் இணைக்கும் பக்குவம் வந்துவிடாது. அந்த வேலையைத் தெருப் பலகையில்தான் கற்க முடியும். எனவே ஹாங்காங்கில் முதலில் திருத்த வேண்டியது சரிபார்ப்புத் திட்டத்தின் அளவு வரம்பு. பொறியாளர் சான்று பெற்ற புதிய இரும்புச் சட்டத்தில், பழைய பலகையை அதே அளவில், அதே இடத்தில், கையால் வளைத்த குழாயோடு மறுபடி ஏற்றுபவருக்கு அனுமதி கிடைக்க வேண்டும். அந்த இரும்புச் சட்டத்துக்கான செலவில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் ஆண்டுதோறும் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டு, அதில் ஒரு பயிற்சியாளர் மூத்தவரோடு சாரம் ஏறுவதை நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.